சத்தம் மட்டும் சரியாக இருந்த வண்டி

மாலை ஐந்து மணி ஆனால் போதும், பட்டறையில் எந்த வேலை இருந்தாலும் அதை அப்படியே போட்டுவிட்டு டெஸ்டர் நாற்சந்திக்கு வந்து நின்றுவிடுவார். சும்மா நிற்பதில்லை. திரும்புகிற ஒவ்வொரு பழைய காரின் பின்புறத்தையும் உற்று உற்றுப் பார்ப்பார். முன்னால் உட்கார்ந்து ஓட்டுவது ராஜாவா மந்திரியா என்பதில் அவருக்கு அக்கறை கிடையாது. பின்விளக்கு எரிகிறதா, திரும்பும் விளக்கு சிமிட்டுகிறதா, அவ்வளவுதான். எதிர்ப்புறம் டீக்கடை வைத்திருப்பவருக்கு இது தினசரி வேடிக்கை.

"என்ன டெஸ்டரே, இன்னைக்கு எத்தனை வண்டிக்கு முதுகு பார்த்தீங்க? டாக்டருக்குப் படிக்கப் போறீங்களா?" என்பார்.

டெஸ்டர் சிரிக்கமாட்டார். ஒரு காலத்தில் இதற்கு வட்டியும் முதலுமாகத் திருப்பிக் கொடுத்திருக்கக்கூடிய வாய்தான் அது.

கார்களுக்கு மின்சார வேலை பார்ப்பவர் அவர். இருபத்தேழு வருடப் பழக்கம். சட்டைப் பையில் எப்போதும் கரன்ட் பார்க்கும் டெஸ்டர் குத்தியிருப்பதால் அந்தப் பெயர் ஒட்டிக்கொண்டது. சொந்தப் பெயர் ரேஷன் கார்டுக்கு மட்டும்தான் தெரியும். கைத்திறன் உள்ளவர், அதில் சந்தேகமே வேண்டாம். ஆனால் ஒரு கோளாறு உண்டு. "தெரியலை" என்ற சொல் அவர் வாயில் வராது. வீட்டில் மனைவி கத்தரிக்கோல் எங்கே என்று கேட்டால், தெரியவில்லை என்று சொல்லிவிட்டுப் போகவேண்டியதுதானே? மாட்டார். "இங்கதான் இருக்கு" என்று சொல்லிவிட்டு ஒரு மணி நேரம் அலமாரியைக் கவிழ்த்துப் போட்டுத் தேடுவார். வீட்டில் இது சிரிப்புக்கு உதவியது. பட்டறையில் இதுதான் அவரைக் கவிழ்த்தது.

நர்ஸம்மாவின் கார் இருபத்து மூன்று வயதான வான நீல நிற வண்டி. அம்மாவுக்கு அறுபதை ஒட்டிய வயது. பக்கத்துத் தெரு கிளினிக்கில் ஊசி போட்டே ஊரில் பாதிப் பேரை அழவைத்தவர். அந்தக் காரில் வலதுபுறம் திரும்ப இண்டிகேட்டர் போட்டால் சில நாள் ஒழுங்காக டிக் டிக் என்னும். சில நாள் டிகுடிகுடிகு என்று பேயோட்டம் ஓடும். அப்படி வேகமாக அடித்தால் ஏதோ ஒரு பல்பு எரியவில்லை என்று பொருள். ஓட்டுபவருக்குப் பின்னால் என்ன நடக்கிறதென்று தெரியாதல்லவா, அதனால் வண்டியே கத்திச் சொல்கிறது.

முதல் தடவை வந்தபோது டெஸ்டர் பல்பை மாற்றினார். இரண்டாம் தடவை பல்பு உட்காரும் ஹோல்டரை மாற்றினார். இரண்டு தடவையும் பட்டறையில் விளக்கு சமர்த்தாக எரிந்தது. மூன்றாம் தடவை, மழை பெய்து ஓய்ந்த மறுநாள் அம்மா வந்தார். பட்டறைக்குள் வண்டி வந்து நின்றதும் சனியன் பிடித்த விளக்கு மறுபடி எரிந்தது.

"தம்பி, உங்களால முடியலைன்னா சொல்லிடுங்க. நான் வேற இடத்துல காட்டிக்கிறேன். கோவிச்சுக்க மாட்டேன்" என்றார் அம்மா, மிகவும் தன்மையாக.

அந்தத் தன்மைதான் சுருக்கென்று தைத்தது. "முடியாம என்னம்மா? கால் மணி நேரம் உட்காருங்க" என்றார்.

அந்தக் கால் மணி நேரத்தில் அவர் செய்தது இதுதான். டிக்கியின் ஓரத்தில், விரிப்புக்குப் பின்னால், சுண்டுவிரல் நீளமுள்ள ஒரு ரெசிஸ்டரை வைத்து வயரில் இணைத்துவிட்டார். பல்பு எடுக்கவேண்டிய கரன்டை அது எடுத்துக்கொள்ளும். விளக்கு எரிந்தாலும் எரியாவிட்டாலும் சத்தம் மட்டும் டிக் டிக் என்று ஒழுங்காகக் கேட்கும். குழந்தை அழுதால் ஏன் என்று பார்க்காமல் வாயைப் பொத்துவதற்குச் சமம். அவருக்கு அது தெரியாதா? நன்றாகவே தெரியும். அடுத்த தடவை சர்வீஸுக்கு வரும்போது நிதானமாகப் பார்த்துக்கொள்ளலாம் என்று நினைத்தார். வேகச் சத்தம் நின்றுபோனதால் அம்மாவுக்கு வரவேண்டிய தேவையே இல்லாமல் போயிற்று. அவரும் மறந்துபோனார்.

பதினான்கு மாதம் கழித்து அந்த வண்டி மறுபடி வந்தது. இந்தத் தடவை ஓட்டி வந்தவர் அம்மாவின் மகன். அம்மா பக்கத்து சீட்டில் கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். வலதுபுறக் கதவில் நசுங்கலை எடுத்துப் புதிதாகப் பெயின்ட் அடித்திருந்தது, நிறம் ஒட்டவில்லை.

"விக்கப் போறோம்" என்றார் மகன். "லைட்டெல்லாம் ஒருவாட்டி செக் பண்ணிடுங்க. வாங்கறவங்க குறை சொல்லக்கூடாது."

"ஏம்மா, நல்ல வண்டியாச்சே?"

"வண்டி நல்லாத்தான் இருக்கு தம்பி. ஓட்டறவதான் சரியில்லை" என்றார் அம்மா.

மகன் போன் பேச வெளியே போனதும் அம்மாவே சொன்னார். ஆறு மாதத்துக்கு முன்னால், மழை பெய்துகொண்டிருந்த ஒரு காலையில், வலதுபுறம் திரும்பியிருக்கிறார். பின்னால் பைக்கில் வந்த பார்சல்காரப் பையன் கதவில் வந்து மோதிவிட்டான். முழங்காலுக்குக் கீழே இரண்டு இடத்தில் எலும்பு முறிவு.

"சத்தம் கேட்ட மாதிரிதான் எனக்கு ஞாபகம். ஆனா பின்னாடி லைட்டே எரியலைன்னு அந்தப் பையன் சொல்றான். ஓரத்துல கடை போட்டிருந்தவரும் அதையேதான் சொன்னாரு. சரி, லைட்டுதான் கெட்டுப் போச்சோன்னு ரெண்டு நாள் கழிச்சு வீட்டு வாசல்ல வச்சு என் பையன் போட்டுப் பார்த்தான். எல்லாம் பளிச்சுன்னு எரியுது. அப்புறம் என்ன? நான்தான் போட மறந்திருக்கேன். போட்டதா நினைச்சுக்கிட்டிருக்கேன்."

டெஸ்டரின் கண் டிக்கிப் பக்கம் போயிற்று.

"கிளினிக்கையும் விட்டுட்டேன் தம்பி. திரும்பறதுக்கு லைட் போட்டோமா இல்லையான்னு தெரியாதவ, மருந்து எத்தனை மில்லி எடுத்தோம்னு எப்படிச் சொல்லுவா? நாளைக்கு ஒரு குழந்தைக்கு ஏதாவது ஆச்சுன்னா?"

அவர்களை அனுப்பிவிட்டு டெஸ்டர் டிக்கியைத் திறந்தார். இண்டிகேட்டரைப் போட்டுவிட்டு, பிரேக்கை அழுத்திக் கட்டை வைத்துவிட்டுப் பின்னால் வந்து பார்த்தார். பிரேக் விளக்கு மங்கலாக எரிய, இண்டிகேட்டர் அழுது வடிந்தது. இரண்டும் ஒன்றையொன்று இழுத்தால் எர்த் கோளாறு. இந்தத் தொழிலில் முதல் பாடமே அதுதான். ஹோல்டர் வரைக்கும் கரன்ட் வருகிறது. திரும்பிப் போகிற வழிதான் அடைத்திருக்கிறது. ஸ்டெப்னி டயரைத் தூக்கினார். அடியில் ஈரம். விளக்கின் ரப்பர் ஓரமாக மழைத்தண்ணீர் இறங்கி, எர்த் வயரைப் பிடித்திருந்த ஸ்க்ரூவைத் துருவாக்கியிருந்தது. காய்ந்த நாளில் பிடிக்கும். நனைந்த நாளில் விட்டுவிடும். உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, புது ஸ்க்ரூ போட்டு, ரப்பரை மாற்றினார். பத்து நிமிஷம். அன்றைக்கு அந்த டயரைத் தூக்கிப் பார்த்திருந்தால் அன்றைக்கும் பத்தே நிமிஷம்தான்.

பக்கத்திலேயே அவருடைய ரெசிஸ்டர் இருந்தது. மேலே மஞ்சள் டேப். இடக்கைக்காரர் என்பதால் அவர் டேப் சுற்றினால் மற்றவர்களுக்கு எதிர்த்திசையில் சுற்றியிருக்கும். வேறு எவன் தலையிலும் கட்டமுடியாது. அதைக் கழற்றிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். விளக்குகள் எல்லாம் ஜோராக எரிந்தன. மாலையில் மகன் வந்து வண்டியை எடுத்துப் போனார். டெஸ்டர் சாவியைக் கொடுத்ததோடு சரி.

இனிமேல் யாருக்கும் தெரியப்போவதில்லை. அதுதான் அவரைத் தின்றது. மூன்று நாள் அவர் போட்ட பியூஸ் எல்லாம் போயிற்று. நான்காம் நாள் மத்தியானம் மனைவி தட்டை வைத்துவிட்டு எதிரிலேயே உட்கார்ந்துவிட்டார்.

"ஏங்க, சாப்பாட்டைப் பிசைஞ்சுக்கிட்டே யாரோட சண்டை போடறீங்க?"

அவர் சட்டைப் பையிலிருந்து ரெசிஸ்டரை எடுத்து மேசைமேல் வைத்தார். எல்லாவற்றையும் சொன்னார். மனைவி அதைத் தொடவில்லை.

"ஒரு மனுஷி தன் புத்தியே போயிடுச்சுன்னு நினைச்சுக்கிட்டு வீட்டுல உட்கார்ந்திருக்கா. நீங்க இதைப் பையில போட்டுக்கிட்டுத் திரியறீங்க" என்றார். பிறகு, "கையைக் கழுவிட்டுக் கிளம்புங்க" என்றார்.

நர்ஸம்மா வீட்டு வாசலில் நீல வண்டி துடைத்துப் பளபளவென்று நின்றது. வாங்குபவர் அடுத்த நாள் வருவதாக இருந்தது. டெஸ்டரைப் பார்த்ததும் அம்மா, "என்ன தம்பி, எதையாவது விட்டுட்டீங்களா?" என்றார்.

வாயால் சொல்லிப் பார்த்தார். வார்த்தை எர்த், ரிலே, கரன்ட் என்று எங்கெங்கோ போயிற்று. அம்மாவுக்கு ஒன்றும் புரியவில்லை. வேறு வழியில்லை. டிக்கியைத் திறந்து, ஸ்டெப்னியைத் தூக்கி, தானே போட்ட புது ஸ்க்ரூவைத் தளர்த்தி எர்த் வயரை விலக்கினார். ரெசிஸ்டரை அது முன்பு இருந்த இடத்திலேயே மறுபடி கோத்தார். முதல் தடவை விசிலடித்துக்கொண்டே செய்த வேலை. இப்போது அம்மா பார்த்துக்கொண்டே நிற்கச் செய்தார்.

"அம்மா, ஓட்டற சீட்டுல உட்காருங்க. சாவியைத் திருப்பி வலது இண்டிகேட்டரைப் போடுங்க."

"நான் வண்டியைத் தொடறதில்லை தம்பி."

"ஓட்ட வேண்டாம்மா. போட்டா மட்டும் போதும்."

அம்மா உட்கார்ந்தார். போட்டார். டிக் டிக் டிக் என்று நிதானமாகச் சத்தம் வந்தது.

"சத்தம் கேக்குதாம்மா?"

"கேக்குதே."

"இறங்கிப் பின்னாடி வந்து பாருங்க."

அம்மா வந்து பார்த்தார். பின்விளக்கு இருட்டாக இருந்தது. திரும்பிப் போய் உள்ளே தலையை நீட்டிச் சத்தத்தைக் கேட்டார். மறுபடி பின்னால் வந்து பார்த்தார். இப்படி மூன்று தடவை நடந்தார். கடைசியில் டிக்கியைப் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டார்.

"நான் போட்டிருக்கேன்" என்றார். "அன்னைக்கு நான் போட்டிருக்கேன்."

"போட்டிருக்கீங்கம்மா. என்ன கோளாறுன்னு அன்னைக்கு எனக்குத் தெரியலை. தெரியலைன்னு சொல்ல வெட்கப்பட்டுக்கிட்டு இதை வச்சேன்."

அந்தச் சொல்லை அவர் வாயிலிருந்து முதன்முதலாகக் கேட்டது நர்ஸம்மாதான்.

திட்டுவார், அடிக்கக்கூட அடிப்பார் என்று எதிர்பார்த்து வந்தவர் தலையைக் குனிந்துகொண்டு நின்றார். அம்மா திட்டவில்லை. கண்ணைத் துடைத்துக்கொண்டு உள்ளே போய்ச் செருப்பை மாட்டிக்கொண்டு வந்தார். "முதல்ல இதைச் சரி பண்ணுங்க. அப்புறம் என்கூட வாங்க. அந்தப் பையன்கிட்டயும் இதே மாதிரி சொல்லணும்" என்றார்.

டெஸ்டர் போய்ச் சொன்னார். பார்சல்காரப் பையன் ஊன்றுகோலைச் சுவரில் சாய்த்துவிட்டுக் கேட்டுக்கொண்டிருந்தான். டெஸ்டரின் முகத்தைக்கூடப் பார்க்கவில்லை. அம்மாவைப் பார்த்து, "ஆஸ்பத்திரியில உங்களை என்னென்னவோ திட்டிட்டேனே" என்று மட்டும் சொன்னான்.

திரும்பி வரும்போது வண்டியை அம்மாதான் ஓட்டினார். டெஸ்டர் பக்கத்து சீட்டில், தண்டனைக்கு உட்காரவைத்த மாதிரி உட்கார்ந்திருந்தார். நாற்சந்தியில் அம்மா வலதுபுறம் இண்டிகேட்டரைப் போட்டுவிட்டுக் கேட்டார்.

"தம்பி, இதே மாதிரி வேற எத்தனை வண்டியில வச்சிருக்கீங்க?"

அவர் மனசுக்குள் எண்ணிப் பார்த்தார். இருபத்தேழு வருடம். அவசரம் என்று சொன்னவர்கள், இரண்டாம் முறை, மூன்றாம் முறை வந்தவர்கள்.

"ஒன்பது... பத்து இருக்கும்மா."

"யார் யாருதுன்னு தெரியுமா?"



"தெரியலைம்மா" என்றார்.

அம்மா வண்டியைத் திருப்பினார். மறுநாள் வாங்க வந்தவரைத் திருப்பி அனுப்பிவிட்டார் என்று பிறகு தெரிந்தது. அடுத்த வாரம் கிளினிக்குக்கும் போக ஆரம்பித்தார். ஆனால் வண்டியை டெஸ்டரிடம் மறுபடி விடவில்லை. அதைக் கேட்க அவருக்கும் வாய் இல்லை.

இதுவரைக்கும் நாற்சந்தியில் நின்று ஆறு வண்டிகளைக் கண்டுபிடித்திருக்கிறார். இந்த மாதிரிக் கோளாறு பெரும்பாலும் ஈரத்தில்தான் வெளியே தெரியும் என்பதால் மழை நாளில்தான் சுலபமாகப் பிடிக்கமுடியும். அதனால் மழை வந்தால் ஊர் முழுக்க ஒதுங்க இடம் தேடும்போது டெஸ்டர் குடை எடுத்துக்கொண்டு வெளியே வருவார். இன்னும் மூன்றோ நான்கோ பாக்கி.