காலில்லாத ஆட்டுக்குட்டி

சின்னையன் என்ற பெயரை அமிர்தம் முதன்முதலில் கேட்டது நாத்தனார் சகாயமேரி வீட்டுச் சாவில். மேரியின் நடுமகனுக்குத் தலைப்பிள்ளையாகப் பிறந்து, தவழும் முன்பே காய்ச்சலில் போன குழந்தை. “குறிஞ்சிப்பாடி சின்னையனக் கூப்புடுங்க. ஆட்டுக்குட்டி வைக்க அவருதான்” என்றார் பங்காளி ஒருவர்.

முதுநகர் கல்லறைத் தோட்டத்தில் பெரியவர்களுக்கு வெறும் சிலுவை. பிள்ளைகளுக்கு மட்டும் சிலுவையின் காலடியில் சிமெண்டு ஆட்டுக்குட்டி ஒன்று படுத்திருக்கும். பாவம் அறியாமல் போன உயிர் என்று அர்த்தம். அதைச் செய்யும் கொத்தனார் சின்னையனோ முனீஸ்வரனைக் கும்பிடுகிறவர். “எங்க ஊருல சாமிக்கு ஆட்ட வெட்டுவோம். இவுங்க ஆட்டயே சாமிங்கறாங்க. எப்படிப் பாத்தாலும் மாட்டிக்கிறது என்னமோ ஆடுதான்” என்பார், சிரிக்காமல்.

ஈரச் சிமெண்டில் பேனா மூடியை அழுத்தி அழுத்திச் சுருள் மயிர் வைப்பார். காது, மூக்கு எல்லாம் கரண்டி நுனியில். கால் மட்டும் வைக்கமாட்டார். கேட்டால், “கால் வச்சா தாயத் தேடி எழுந்து போயிடும்ங்க. கெடக்கட்டும்” என்பார்.

அமிர்தத்தின் மகன் அருண்குமார் லாரி ஓட்டினான். பொங்கலுக்கு வந்தால் தீபாவளிக்கு வரமாட்டான். நாக்பூர் பக்கம் வண்டி கவிழ்ந்து, பெட்டியில் வந்து சேர்ந்தான். குழி மண் இறங்கட்டும் என்று மழைக்காலம் முடியக் காத்திருந்து, போன வாரம்தான் சின்னையன் மேடை கட்டினார்.

“மேல சிலுவை மட்டுந்தானேம்மா?”

“ஆட்டுக்குட்டியும் வச்சிடுண்ணே.”

“மீசை மொளச்ச புள்ளைக்கா? லாரி வேணா செய்யறேன், ஜோரா இருக்கும்.”

“லாரி பேச்ச எடுக்காத.”

கூட வந்திருந்த கொழுந்தன் இளவரசு குறுக்கே விழுந்தான். “அண்ணி, அது சின்னப் புள்ளைங்களுக்கு வைக்கிறது. பங்குச் சாமியார் என்னான்னு கேப்பாரு. சொந்தக்காரன்லாம் சிரிப்பான்.”

அமிர்தம் அவனைப் பார்க்கவில்லை. “உன் ஆட்டுக்குத்தான் கால் இல்லியேண்ணே. மீசை மொளச்ச நாளா ரோட்டுலயே கெடந்தான். இனிமேலாச்சும் எங்கயும் போவாம படுத்திருக்கட்டும்.”

இளவரசு மறுபடி வாயைத் திறந்தான். வாளியை எடுத்து அவன் கையில் கொடுத்தார் சின்னையன். “தண்ணி கொண்டா தம்பி. கலவை போடணும்.”

புதுச் சிமெண்டு வெடிக்காமலிருக்கக் காலையும் மாலையும் தண்ணீர் ஊற்ற வேண்டும். சின்னையன் இப்போது முதுநகர் கல்லறைத் தோட்டத்தில்தான் இருக்கிறார். ஒரு கையால் செம்பைச் சாய்க்கிறார். மறு கையை ஆட்டுக்குட்டியின் நெற்றியில் அணையாக வைத்திருக்கிறார், தண்ணீர் கண்ணில் இறங்காதபடி.