நூற்றைந்து பாகையில் காட்டு இஞ்சி

ஆய்வுகூட உதவியாளர் வேலை என்பது பிள்ளைகள் உடைத்த கண்ணாடியைப் பொறுக்குவதும், உடைக்காமல் விட்டதைக் கழுவிக் கவிழ்ப்பதும்தான். கல்முனைப் பக்கத்துப் பல்கலைக்கழகமொன்றில் பதினெட்டு வருடமாக இதைத்தான் செய்கிறேன். ஊரிலோ, ஆய்வுகூடம் என்றதும் இரத்தப் பரிசோதனை ரிப்போட்டை நீட்டுகிறார்கள். இதே பிழைப்பில் இருக்கிற உங்களுக்கு நான் விளக்கத் தேவையில்லை.

ஒரு பை கிழங்கு

ரிஃப்கா இறுதி வருட மாணவி. ஆராய்ச்சிக்கு அவள் எடுத்தது காட்டு இஞ்சி. தோண்டிக்கொண்டு வந்தவர் அவளுடைய வாப்பா, அட்டாளைச்சேனையில் வயல் செய்கிறவர். மோட்டார் சைக்கிளில் உரப்பையைக் கட்டி, செடிகளை வேரோடு கொண்டுவந்திருந்தார். இலைத்தண்டு என் நெஞ்சுயரம் இருந்தது. பூ அதில் இல்லை. கிழங்கிலிருந்து தனிக்காம்பு கிளம்பி, நுனியில் சிவந்த செதில்கள் அடுக்கிய கூம்பாக நின்றது. கிழங்கு உள்ளே வெளிர்மஞ்சள். ஒரு துண்டைக் கடித்துப் பார்த்தேன். முதலில் இஞ்சிதான், பிறகு வந்த கசப்பு மத்தியானச் சோறு வரைக்கும் போகவில்லை.

ரிஃப்கா இலையின் நீளம், அகலம் என்று ஒவ்வொன்றாக அளந்து எழுதினாள். வாசலில் நின்று பார்த்த வாப்பா, என்னையும் மகள் என்றே கூப்பிடுகிறவர், என்னிடம் மெல்லக் கேட்டார்: “மகள், இது ஓடைக்கரையில சும்மா கிடக்கிறது, மாடும் கடிக்காது. இதுக்கா பட்டம் குடுக்கிறாங்க?”

கூம்புச் சாறு

அந்தக் கூம்பைப் பிழிந்தால் வழுவழுவென்று மணமான சாறு வரும். மிஞ்சிய கூம்புகளை எறியச் சொல்லி, கூட்டித் துடைக்கிற யோகமக்காவிடம் கொடுத்தேன். பெரியநீலாவணையிலிருந்து வருகிறவர், எதையும் இலேசில் எறியமாட்டார். மறுநாள் அவருடைய தலைமுடி மினுங்கியது. நான் பயந்துபோய், கடிக்கிறதா, சொறிகிறதா என்று கேட்டேன்.

“ஒண்டுமில்ல தங்கச்சி. தலைக்கு நல்லமெண்டு நான் பாத்திட்டன். வயித்துக்கு நல்லமா எண்டு நீங்க பாருங்க.”

என் குற்றம்

கிழங்கைச் சீவி நிழலில் காயவைத்து, கடைசியில் மின்னடுப்பில் நாற்பது பாகைச் சூட்டில் உலர்த்த வேண்டும். முந்தினநாள் அதே அடுப்பில் மண் காயவைத்திருந்தார்கள், நூற்றைந்து பாகையில். மாற்ற மறந்து தட்டுகளை உள்ளே தள்ளிவிட்டு வீட்டுக்குப் போனவள் நான்தான். காலையில் கதவைத் திறந்தேன். எல்லாம் கருகல். பல வாரத்து வேலை போய்விட்டது. ஆய்வறிக்கை கொடுக்கிற நாளும் கிட்டத்தில் நின்றது.

ரிஃப்கா வந்தாள், தட்டைப் பார்த்தாள், பிறகு என்னைப் பார்த்தாள். நான்தான் என்று சொல்வதற்குள் எனக்குக் கண்ணீர் வந்துவிட்டது. அவள் என் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னாள்: “மிஸ், நீங்க அழாதீங்க. நீங்க அழுதா நான் யாருக்கிட்ட போய் அழுற?”

காய்ந்த கரையில்

திரும்பக் கிழங்கு தோண்டப் போன ரிஃப்காவோடும் வாப்பாவோடும், மன்னிப்புக் கேட்கவென்று நானும் ஓடைக்கரைக்குப் போனேன். அதற்குள் மழைக்காலம் முடிந்திருந்தது. காட்டு இஞ்சி அப்போது மேலே இருந்த சுவடே இல்லாமல் காய்ந்து, கிழங்கை மட்டும் மண்ணுக்குள் வைத்துக்கொண்டு கிடக்கும். எங்கே தோண்டுவது? வாப்பா குனிந்து சருகை விலக்கினார், மண்ணைக் கிள்ளி முகர்ந்தார். மூன்று இடம் வெறும் மண். நான்காவதில் மண்வெட்டி பட்டதும் இஞ்சி மணம் எழும்பியது.

நான் மன்னிப்புக் கேட்டேன். அவர் நிமிரக்கூட இல்லை. “வெள்ளத்தில எனக்கு முழு வேளாண்மையே போயிருக்கு. இது ஒரு பை கிழங்குதானே, மகள்.”

ஊதா

உடம்பைக் கெடுக்கிற ஒட்சியேற்றத்தைத் தடுக்கும் சக்தி இருக்கிறதா என்று பார்க்க, கடும் ஊதாக் கரைசலில் கிழங்குச் சாற்றை விடுவோம். சக்தி இருந்தால் ஊதா வெளிறி மஞ்சளாகும். ஒப்பிடுவதற்குப் பக்கத்தில் சமையல் இஞ்சியின் சாறும் இருந்தது. அது உடனே வெளிறியது. காட்டு இஞ்சியின் குழாய் ஊதாவாகவே நின்றது. ரிஃப்காவின் முகம் விழுந்துவிட்டது. அரை மணித்தியாலத்தில் அதுவும் மெல்ல மெல்ல மஞ்சள் பக்கம் திரும்பியது, ஆனால் முழுதாக இல்லை.

“கறி இஞ்சியவிடக் குறைவு, வாப்பா,” என்றாள்.

வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு நின்றவர் குழாயை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. “குறைவெண்டாலும் இரிக்குதானே, புள்ள. இரிக்கிறத எழுது.”

அவள் அப்படியே எழுதினாள், நல்ல புள்ளியும் எடுத்தாள். அறிக்கையின் நன்றிப் பக்கத்தில், கிழங்கைத் தோண்டியவருக்கு முன்னால், அதைக் கருக்கியவளின் பெயர் இருக்கிறது.