மூன்று குச்சி தெரிந்தால்

எங்கள் மலைச்சாலை திறப்பதும் மூடுவதும் சுன்னிவாவின் வாய்ச்சொல்லில் இருந்தது. சாலைத்துறை அலுவலகம் முன்னூறு கிலோமீட்டர் தள்ளி நகரத்தில். அங்கே திரைக்கு முன்னால் உட்கார்ந்திருப்பவர்கள் அவரைத் தொலைபேசியில் கூப்பிட்டு, மேலே எப்படி இருக்கிறது என்று கேட்பார்கள். சுன்னிவா தன் பனி வாரும் லாரியின் கண்ணாடி வழியாகச் சாலையோரக் குச்சிகளை எண்ணுவார். பனி மூடினாலும் சாலை எங்கே போகிறது என்று காட்டுவதற்காக நட்ட உயரமான குச்சிகள் அவை. விளக்கு பட்டால் தலை மின்னும். மூன்று குச்சி தெரிந்தால் வண்டிகளை வரிசையாக நிறுத்தித் தன் பின்னால் கூட்டிப் போவார். ஒன்றுதான் தெரிகிறது என்றால் சாலையை அடைக்கும் கேட்டை இறக்கிவிடுவார். எந்த விதிப்புத்தகத்திலும் இது இப்படி எழுதியிருக்கவில்லை. இருபத்திரண்டு குளிர்காலங்களில் அவரே கண்டுகொண்டது.

அதற்கு முன் எங்கள் ஊரான லோம்விக்கின் மீன் ஆலையில் பத்து வருடம் காட் மீன் வெட்டிக்கொண்டிருந்தார். விரல்கள் மரத்துப்போக ஆரம்பித்ததும் லாரி உரிமம் எடுத்தார். முதல் வருடம், "சுன்னிவா வாரின ரோடா? அப்ப நடந்தே போயிடலாம்" என்று கடைவாசலில் சிரித்தவர்களில் டாக்சிக்காரர் யார்லேயும் ஒருவர். ஊரின் ஒரே டாக்சி அவருடையது. அந்த வருடமே அவர் டாக்சியோடு பள்ளத்தில் கவிழ்ந்து கிடந்தபோது இழுத்து மேலே ஏற்றியவர் சுன்னிவாதான். சுன்னிவா அதைப் பற்றி யாரிடமும் பேசியதில்லை. யார்லேதான் போகிற இடமெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தார்.

அவருடைய வேலையில் எனக்கு மிகவும் பிடித்தது மணல் தூவுவது. கடுங்குளிரில் உப்பு வேலைக்கு ஆகாது. கொதிக்கக் கொதிக்க வெந்நீரில் மணலை நனைத்துத் தூவுவார்கள். விழுந்த நொடியில் அது பனிக்கட்டியில் ஒட்டி உறைந்து, உப்புத்தாள்போல் சொரசொரப்பாகிவிடும். லாரியின் பின்னால் ஆவி எழும்பும். அதைப் பார்த்தபடியே இரண்டு குளிர்காலம் நான் வரிசையின் கடைசி வண்டியை ஓட்டினேன். யாரும் விலகிப்போகாமல் பார்த்துக்கொள்வதும், வண்டியைக் கைவிட்டவர்களை ஏற்றிக்கொள்வதும் என் வேலை. எனக்கு வீட்டில் எங்கள் சாமி இனத்தவரின் மொழி, பள்ளியில் அதோடு நோர்வே மொழியும். வாக்கி-டாக்கியில் இரண்டிலும் தேவைக்கு மேல் பேசாதவள் என்பதால் சுன்னிவாவுக்கு என்னைப் பிடித்திருந்தது.

அவருடைய கணவர் ஹில்மார் பேசுவதற்கென்றே பிறந்தவர். இரண்டு வருடத்துக்கு முன் அவருக்குச் சிறுநீரகம் இரண்டும் நின்றுவிட்டது. ரத்தம் சுத்தம் செய்யும் இயந்திரம் மலைக்கு அந்தப் பக்கம், நூற்றுப்பத்து கிலோமீட்டர் தள்ளி மருத்துவமனையில் இருந்தது. திங்கள், புதன், வெள்ளி மூன்று நாளும் யார்லேயின் டாக்சியில் போய் வருவார். பொட்டாசியம் உடம்பில் சேரக்கூடாது என்று உருளைக்கிழங்கை ராத்திரி முழுக்க நீரில் ஊறவைத்து, அந்த நீரைக் கொட்டி, வேறு நீரில் வேகவைத்துத்தான் சாப்பிடலாம், அதிலும் ஒன்றுதான். "தினமும் ஒரு கிழங்குக்கு ஈமச்சடங்கு நடக்குது எங்க வீட்ல" என்பார்.

அந்த அக்டோபரில் சுன்னிவா ஒரு தவறு செய்தார். எங்கள் பக்கத்து ஆட்கள் மட்டுமே செய்யக்கூடிய தவறு. கணவர் போகும் வண்டியாயிற்றே என்று, முதல் பனி விழும் முன்பே, பனிக்கட்டியில் வழுக்காமலிருக்க ஆணி பதித்த டயரை மாட்டும்படி யார்லேயை நச்சரித்து மாட்டவைத்தார். ஆனால் நவம்பர் முடியும்வரை பனியே விழவில்லை. வெறும் தார்ச்சாலையில், வாரத்துக்கு மூன்று முறை போய் வந்ததில் ஆணியெல்லாம் தேய்ந்து தட்டையாகிவிட்டது.

ஜனவரி இரண்டாம் வாரம் புயல் வந்தது. வெள்ளிக்கிழமை சாலையை மூடும்படி சொன்னவர் சுன்னிவா. ஹில்மார் அன்று மருத்துவமனைக்குப் போக முடியவில்லை. சனி, ஞாயிறும் கேட் ஏறவில்லை. ஹெலிகாப்டர் பறக்க முடியாத காற்று. கடலில் படகும் இறங்காது. ரத்தம் சுத்தமாகித் திங்களோடு ஐந்து நாள் ஆகிறது. இன்னொரு நாள் தள்ளினால் இதயம் எந்த நேரமும் நின்றுவிடலாம் என்று மருத்துவமனையிலிருந்து சொல்லியிருந்தார்கள்.

திங்கள் காலை பத்தரைக்குக் காற்று சற்றுத் தணிந்தது. அந்த மாதத்தில் எங்களுக்குச் சூரியன் கிடையாது; நண்பகலை ஒட்டி வானம் கொஞ்சம் நீலமாகும், அவ்வளவுதான். சுன்னிவா என்னைத் தன் லாரிக்குள் கூப்பிட்டார்.

"ரிஸ்தென், எத்தன குச்சி தெரியுது உனக்கு?"

"மூணு."

"நல்லாப் பாத்துச் சொல்லு."

"மூணுதான் சுன்னிவா."

"எனக்கும் மூணுதான் தெரியுது. ஆனா இன்னிக்கி என் கண்ண நான் நம்பல. அதான் ஒன்னையும் கேட்டேன்."

கேட்டின் முன் ஒன்பது வண்டிகள் நின்றிருந்தன. சுன்னிவா டார்ச்சோடு இறங்கி ஒவ்வொன்றின் டயரையும் பார்த்துக்கொண்டு வந்தார். யார்லேயின் டாக்சியிடம் வந்ததும் குனிந்தவர் நிமிரவில்லை.

"யார்லே, ஆணி எங்க?"

"உள்ளதான் இருக்கு. வெக்கப்பட்டு ஒளிஞ்சிருக்கு."

"வெளையாடாத."

"நான் எங்க வெளையாடறேன்? அக்டோபர்லயே மாட்டுன்னு என் உயிர எடுத்தது யாரு? வெறுந்தார்ல ஒரு மாசத்துக்கு மேல தேச்சேன். புது டயர் அடுத்த வாரந்தான் வருது."

 டாக்சியின் பின்கதவுக் கண்ணாடி இறங்கியது. ஹில்மார் தொப்பியைக் கழற்றித் தலையை வெளியே நீட்டினார்.

"இங்க பாருடி. என் மண்டையிலயாவது ஓரமா நாலு நிக்குது. இவன் டயர் சுத்தமா வழுக்க."

"ஓசில வர்றவனுக்குப் பேச்சப் பாரு" என்றார் யார்லே.

சுன்னிவா அளவுகோலை எடுத்து டயரின் பள்ளத்தில் விட்டார். மறுபடி விட்டார். மூன்று மில்லிமீட்டர் இருக்கவேண்டும், இரண்டுதான் இருந்தது. போன வாரம் இதே போன்ற டயரோடு வந்த ஒரு ஜெர்மன் தம்பதியைத் திருப்பி அனுப்பியிருந்தார்.

"இந்த வண்டி மேல வராது."

"உள்ள இருக்கறது ஒன் புருஷன், சுன்னிவா!"

"அதனாலதான் ரெண்டு தடவ அளந்தேன்."

சாலையில் ஓடும்போது பனி வாரும் லாரியில் வேறு யாரும் இருக்கக்கூடாது. ஆகவே ஹில்மார் என் வண்டிக்கு வந்தார். பத்து அடி நடப்பதற்குள் இரண்டு முறை நின்றார். முகம் ஊதியிருந்தது. சுன்னிவா அவருடைய மேல்கோட்டின் பொத்தானைக் கழுத்துவரை போட்டுவிட்டு, என்னிடம் "பெடலுக்கும் உன் காலுக்கும் நடுவுல ஒரு முட்ட இருக்குன்னு நெனச்சு ஓட்டு" என்றார். பனியில் ஓட்டும் எல்லோரிடமும் அவர் சொல்வதுதான். 

முன்னால் சுன்னிவாவின் லாரி, நடுவில் எட்டு வண்டிகள், கடைசியில் நாங்கள். பதினான்கு கிலோமீட்டர் ஏறினோம். உச்சியின் சமதரையை எட்டியபோது காற்று மறுபடி வலுத்துவிட்டது. கீழே கிடந்த பனியெல்லாம் எழுந்து குறுக்கே ஓடியது. முன்னால் போன வண்டியின் சிவப்பு விளக்கும் மறைந்தது.

வாக்கி-டாக்கியில் சுன்னிவா பேசினார். "நிறுத்தறேன். எல்லாரும் உள்ளயே இருக்கணும். ஒருத்தரும் கீழ எறங்கக்கூடாது." பிறகு அலுவலகத்தோடு பேசுவது கேட்டது. எங்கள் பகுதி உச்சியோடு முடிகிறது. அங்கிருந்து அந்தப் பக்கத்து லாரி வந்து வரிசையை வாங்கிக்கொள்ள வேண்டும். அவர்கள் சரிவில் பனிச்சரிவு விழுந்து பாதை அடைத்துவிட்டது. அந்த லாரி வராது.

முதல் மணி நேரம் ஹில்மார் பேசிக்கொண்டே இருந்தார். யார்லேயின் முதல் கல்யாணத்தில் கேக் தரையில் விழுந்த கதை. இரண்டாம் கல்யாணத்தில் யார்லே விழுந்த கதை. பிறகு விரல் நுனி எல்லாம் எறும்பு ஊர்வதுபோல் இருக்கிறது என்றார். பிறகு தொடைகளைத் தூக்க முடியவில்லை என்றார். பிறகு பேச்சு நின்றது. எனக்கு அதுதான் பயமாக இருந்தது.

நான் வாக்கி-டாக்கியை எடுத்தேன். என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார். பிடியில் பலமே இல்லை.

"சொல்லாத பொண்ணே."

"அவங்களுக்குத் தெரியணும்."

"தெரிஞ்சு என்ன பண்ணுவா? ஒரு குச்சி கண்ணுல பட்டாக்கூட கெளம்பிடுவா. பின்னால எட்டு வண்டி இருக்கு. அதுல ஒண்ணுல கொழந்த சீட்டு பாத்தேன்."

கால் மணி நேரம் கழித்துச் சுன்னிவாவே கேட்டார். "அவன் எப்படி இருக்கான்?"

 ஹில்மார் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"தூங்கறார்" என்றேன்.



"அவன் பகல்ல தூங்கினதே இல்ல ரிஸ்தென்."

  சுன்னிவா எங்களிடமிருந்து நூறு மீட்டருக்குள்தான் இருந்தார். இறங்கி நடந்தால் இரண்டு நிமிடம். அந்த இரண்டு நிமிடத்தில் இறந்தவர்கள் எங்கள் மலையில் உண்டு.

"ஒனக்கு எத்தன தெரியுது?" என்று கேட்டார்.

"ஒண்ணுகூட இல்ல."

"எனக்கும் இல்ல" என்றார். லாரி நகரவில்லை.

அரை மணிக்கு ஒருமுறை காற்று படாத பக்கத்துக் கண்ணாடியை ஒரு விரல் இறக்கினேன். புகைக்குழாயைப் பனி மூடியிருந்தால் நச்சுக்காற்று உள்ளே வரும். அதைத் தவிர எனக்குச் செய்ய வேறு எதுவும் இல்லை. ஹில்மாரின் கையைப் பிடித்துக்கொண்டு நாடி பார்த்தேன். நான்கைந்து துடிக்கும், ஒன்று தவறும். எண்ணுவதை விட்டுவிட்டேன்.

மூன்று மணி நேரம் கழித்துக் காற்று சற்று ஓய்ந்தது. முன்னால் போக வழியில்லை. உச்சியில் இருந்த அகலமான இடத்தில் வண்டிகளை ஒவ்வொன்றாகத் திருப்பவைத்து, சுன்னிவா எங்களைத் திரும்பவும் லோம்விக்குக்கே கூட்டி வந்தார். வழி முழுக்க மணிக்கு இருபது கிலோமீட்டருக்கு மேல் ஒருமுறைகூடப் போகவில்லை.

கேட்டில் லாரியை நிறுத்தியதும் ஓடி வந்தார். பனிக்காலத்தில் அவர் ஓடி நான் பார்த்ததில்லை. யாரையும் ஓட விடவும் மாட்டார். கதவைத் திறந்து ஹில்மாரின் முகத்தை இரண்டு கையாலும் பிடித்தார்.

"முழிச்சிட்டுத்தான இருக்க?"

"இந்தப் பொண்ணு பொய் சொல்றா. பழக்கமில்ல போல" என்றார் ஹில்மார். சொல் ஒவ்வொன்றும் தனித்தனியாக வந்தது.

ஊர்ச் செவிலி ராத்திரி முழுக்க மருந்து ஏற்றி இதயத்தைப் பிடித்து வைத்திருந்தார். மறுநாள் காலை ஹெலிகாப்டர் வந்தது. அது இறங்குவதற்காகப் பள்ளி மைதானத்தைச் சுன்னிவாவே வாரி, மணல் தூவி வைத்திருந்தார். உள்ளே துணைக்கு ஆள் ஏற இடமில்லை. இருந்திருந்தாலும் போயிருக்க முடியாது. கேட்டில் நேற்றைய எட்டு வண்டிகளோடு இன்னும் பதினொன்று சேர்ந்திருந்தன. பனிச்சரிவை அந்தப் பக்கத்தார் அகற்றிவிட்டார்கள். குழந்தை இருக்கை வைத்த வண்டியும் வரிசையில் இருந்தது. எல்லாவற்றையும் உச்சிக்குக் கூட்டிப்போய் அவர்கள் லாரியிடம் ஒப்படைத்தோம்.

"நீங்க இவங்களோட போயிடுங்க. வேற யாரையாவது வரச்சொல்லலாம்" என்றேன்.

"யார? ஒனக்கு இந்த லாரி ஓட்ட உரிமம் இல்ல. கீழ இன்னும் ஆளு நிக்குது."

வண்டிகளின் விளக்குகள் அந்தப் பக்கச் சரிவில் இறங்கி மறைகிறவரை நின்றார். பிறகு லாரியைத் திருப்பினார்.

ஹில்மார் பிழைத்தார். ஆனால் இன்னொரு முறை இப்படி ஆனால் தாங்காது என்று மருத்துவர்கள் சொல்லிவிட்டார்கள். மே மாதம்வரை மருத்துவமனைக்குப் பக்கத்திலேயே ஓர் அறையில் இருக்கவேண்டும். யார்லே புது டயர் மாட்டிவிட்டார். அதில் வாரம் மூன்று முறை ஏற்றிக்கொண்டு போக ஆள்தான் இல்லை. சுன்னிவாவுக்கு வாரம் ஒருநாள் விடுமுறை. சனிக்கிழமைதோறும் பையைத் தயார் செய்துகொண்டு டாக்சிக்காகக் காத்திருப்பார். பிப்ரவரியில் நான்கு சனிக்கிழமை வந்தன. மூன்றில் சாலை மூடியிருந்தது. அன்றெல்லாம் லாரி ஓட்டி, சாலையை மூடச்சொன்னது மாற்று ஓட்டுநர், வெளியூர்ப் பையன். மூன்றாம் முறை எனக்கே கோபம் வந்து அவனைப் பற்றி ஏதோ சொன்னேன்.

சுன்னிவா பையிலிருந்து ஹில்மாருக்கு எடுத்து வைத்த கம்பளிக் காலுறைகளை வெளியே எடுத்துக்கொண்டிருந்தார்.

"அவன ஏன் திட்டற?" என்றார். "சரியாத்தான் மூடியிருக்கான்."