கிராம்பு மணக்கும் கிளினிக்

2006 ஜூலை பதினொன்று, செவ்வாய்க்கிழமை. உப்பளம் பகுதியில் ஒரு பல் கிளினிக்கில் சம்பளத்துக்கு வேலை பார்த்துவந்த டாக்டர் ஹாஜிராவின் மேசையில், வடிவேல் தன் முன்பல்லைக் கைக்குட்டையிலிருந்து எடுத்து வைத்தார். போன வாரம் அவள் ஒட்டிய பல்.

“என்னத்தக் கடிச்சீங்க?”

“இட்லியத்தான் டாக்டரம்மா. இட்லிக்கே கழண்டுக்குதுன்னா கிளாரினெட்ட எப்படிப் பல்லுல அழுத்திப் புடிக்கிறது? வெள்ளிக்கிழம பதினாலாந்தேதி பிரெஞ்சு தேசிய தின ஊர்வலம். எங்க பேண்டுல அத வாசிக்க என்னை வுட்டா ஆள் கெடையாது.”

வேர் சிகிச்சை செய்த பல் அது. மேல்பகுதி உடைந்திருந்ததால், வேருக்குள் கண்ணாடி இழைக் குச்சி ஒன்றை ரெசின் சிமெண்டால் ஒட்டி அதன்மேல் பல்லைக் கட்டியிருந்தாள். இப்போது குச்சியும் கூடவே வந்துவிட்டது. அதைச் சுரண்டிப் பார்த்தாள். கல்லாக இறுகியிருக்க வேண்டிய சிமெண்ட் கோந்துபோல இழுபட்டது. முகர்ந்தாள். கிராம்பு.

கிராம்பு எண்ணெய் ஊறிய இடத்தில் ரெசின் ஒழுங்காக இறுகாது. கிளினிக் முதலாளி டாக்டர் இராமதாசோ, அந்த வாசம் வந்தால்தான் சனங்கள் பல் டாக்டரை நம்புவார்கள் என்று வரவேற்பு மேசையிலேயே எண்ணெய் பாட்டிலைத் திறந்து வைத்திருப்பவர். அத்தர் கடைக்காரர் மகளான ஹாஜிராவின் மூக்குக்கே, போன வாரம் ஒட்டும்போது அந்த நெடியில் பல்லுக்குள் இருந்த வாசம் பிடிபடவில்லை. அதை நினைக்க நினைக்க அவளுக்குக் காதுமடல் சுட்டது. நேரே அவர் அறைக்குப் போனாள்.

“சார், நான் லீவுல இருந்தப்ப வடிவேல் பல்லத் தற்காலிகமா எத வச்சு அடச்சீங்க?”

“வழக்கமா வைக்கிறதுதான். கிராம்பு எண்ணெய்ல கொழச்சது. வலி தெரியாது.”

“நரம்பு எடுத்த பல்லுல ஏது சார் வலி? குச்சி ஒட்டற பல்லுக்கு அத வைக்காதீங்கன்னு எத்தன வாட்டி சொன்னேன்?”

“கத்தாத, வெளிய பேஷண்ட்டுங்க இருக்காங்க. தொடச்சிட்டு இப்பவே ஒட்டி அனுப்பு. எலும்பு கடிச்சிருப்பீங்க, அதான் கழண்டுச்சுன்னு சொல்லு.”

“நீங்க வந்து அவரு மூஞ்சியப் பாத்துச் சொல்லுங்க.”

இராமதாஸ் எழுந்திருக்கவில்லை. ஹாஜிரா கதவை அறைந்து சாத்திவிட்டு வந்தாள்.

“தப்பு எங்களுது,” என்றாள் வடிவேலிடம். “வேருக்குள்ள எண்ணெய் ஊறியிருக்கு. இன்னைக்கே ஒட்டுனா மறுபடியும் கழலும். ஆடி ஆடி வேரு வெடிச்சா பல்லப் புடுங்கத்தான் வேணும். இப்ப சுத்தம் பண்ணி எண்ணெய் இல்லாத மருந்து வைக்கிறேன். ஒட்டறது அடுத்த வாரம்.”

“ஊர்வலம் அடுத்த வாரமா வருது?” வடிவேல் மேசையில் ஓங்கி அடித்தார். “நீங்க வித்த காட்ட என் வாய்தான் கெடச்சுதா?”

ஹாஜிரா நாற்காலியைச் சாய்த்தாள். அவர் முறைத்தபடியே வாயைத் திறந்தார். அவள் முழங்கையை நாற்காலியில் ஊன்றிக்கொண்டு, வேரின் உட்சுவரைச் சுரண்டத் தொடங்கினாள்.

வெள்ளிக்கிழமை கிளாரினெட் வாசிக்கக் கடலூரிலிருந்து ஒருவரை வரவழைத்தார்கள். வடிவேல் ஊர்வலத்துக்குப் போகவில்லை.