தலைவரம்மாவின் கன்னடக் கையெழுத்து

என் பெரியப்பா இன்று சட்டமன்ற உறுப்பினர். அவர் ஏறி வந்த படிகளைப் பேனர்களில் வரிசையாகப் போடுகிறார்கள்: கிளைச் செயலாளர், ஒன்றியக் கவுன்சிலர், மாவட்டப் பொறுப்பு, எம்.எல்.ஏ. முதலாவதற்கும் இரண்டாவதற்கும் நடுவில் ஒரு படி விட்டுப்போயிருக்கிறது. அது என் அம்மா.

எங்கள் ஊர் ஓசூரைத் தாண்டி, கர்நாடக எல்லையை ஒட்டிய பேரிகைக்குப் பக்கம். நான் மூன்றாம் வகுப்பில் இருந்தபோது ஊராட்சித் தலைவர் பதவி பெண்களுக்கென்று ஒதுக்கப்பட்டது. பெரியப்பா வெகுநாளாகக் கண் வைத்திருந்த பதவி. பெரியம்மா கல்லூரியில் தமிழ் படித்தவர். அவரை விட்டுவிட்டு, தம்பி மனைவியான என் அம்மாவை நிறுத்தினார். அம்மா எல்லைக்கு அந்தப்புறம், கர்நாடகத்து மாலூர்ப் பக்கத்திலிருந்து கல்யாணமாகி வந்தவள். எஸ்.எஸ்.எல்.சி. வரை கன்னடத்தில் படித்தாள். தமிழ் நன்றாகப் பேசுவாள், படிக்கத் தெரியாது. "படிச்ச பொண்ணு" என்று பெரியப்பா வீடு வீடாகச் சொல்லி ஓட்டுக் கேட்டார். அதில் பொய்யில்லை.

ஜெயித்தபின் நாற்காலியில் பெரியப்பா உட்கார்ந்தார். சாயங்காலம் காகிதங்கள் வீட்டுக்கு வரும். கையெழுத்துப் போடவேண்டிய இடத்தை அவர் காட்டுவார். அம்மா கன்னட எழுத்தில் தன் பெயரைப் போடுவாள். என்ன எழுதியிருக்கிறது என்று அப்பாவைக் கேட்டால், "அண்ணன் சொன்னா சரியாத்தான் இருக்கும்" என்பார். ஓசூரில் ஷிப்டு முடித்து வந்தவருக்குத் தூக்கம்தான் முக்கியம்.

அதனால் அம்மா என்னைக் கூப்பிட்டாள். எழுத்துக் கூட்டிப் படித்தேன். பாதிச் சொற்கள் எனக்குப் புரியாது; காதால் கேட்டால் அம்மாவுக்குப் புரிந்தது.

ஒருநாள் பெரியப்பாவோடு காரில் இரண்டு பேர் வந்தார்கள். அவர் நீட்டிய தாளை, யாரும் கேட்காமலே, பழக்கத்தில் நான் சத்தமாகப் படித்துவிட்டேன். ஏரிக்கரை மேய்ச்சல் நிலத்தை லாரி நிறுத்த ஒரு கம்பெனிக்கு விடுவதில் ஊராட்சிக்கு ஆட்சேபணை இல்லையாம்.

அம்மா பேனாவைக் கீழே வைத்தாள். கணவரின் அண்ணனை அவள் பாவா என்றுதான் கூப்பிடுவாள்.

"பாவா, காலனிக்காரங்க மாடெல்லாம் அங்கதான மேயுது. அவங்களக் கேட்டீங்களா?"

"எல்லாம் கேட்டாச்சும்மா. நீ போடு."

"என்ன யாரும் கேக்கலியே. நான்தான தலைவரு?"

பெரியப்பா சிரித்தார். வந்தவர்களும் சிரித்தார்கள். ஆனால் அன்றைக்குக் கையெழுத்து விழவில்லை.

கிளம்பும்போது என்னை இழுத்து மடியில் உட்காரவைத்துக்கொண்டார். "என்னமா படிக்கிது பாரு. இந்தப் புள்ளய இந்த ஊருல வெச்சிகினு இருக்கலாமா?"

அடுத்த வாரமே பெங்களூரில் விடுதியோடு கூடிய இங்கிலீஷ் பள்ளி. செலவு முழுக்கப் பெரியப்பாவுடையது. "இங்கியே படிக்கட்டும்" என்று அம்மா சொன்னதை யாரும் காதில் வாங்கவில்லை. நான் புது ஷூவும் டையும் போட்டுக்கொண்டு தெரு முழுக்க நடந்து காட்டினேன்.

தம்பி மகளை இன்ஜினியராக்கிய கதையை அவர் இப்போதும் மேடைகளில் சொல்கிறார். ஜனங்கள் கை தட்டுகிறார்கள். அவர்கள்மேல் எனக்கு வருத்தமில்லை. ஒரு பெண்ணின் கண்ணைப் பிடுங்கிவிட்டு அதற்குக் கல்விக்கொடை என்று பெயர் வைத்தவரை மட்டும் என்னால் மன்னிக்க முடியவில்லை. முயற்சி செய்யவும் இல்லை.

முதல் லீவுக்கு வந்தபோது ஏரிக்கரையில் வரிசையாக லாரிகள் நின்றன. கலர் கலராக இருந்ததால் எனக்குப் பிடித்திருந்தது.

"அங்க தமிழு சொல்லித் தராங்களா?" அம்மா கேட்ட முதல் கேள்வி இதுதான்.

"இல்லம்மா. இங்கிலீசும் கன்னடமும்தான். இனிமே நானும் உன்ன மாதிரியே எழுதுவேன்."

அவள் சந்தோஷப்படுவாள் என்று, நோட்டில் என் பெயரைக் கன்னடத்தில் எழுதிக் காட்டினேன். அம்மா அதைப் பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டாள். எழுத்து சரியாக வரவில்லை போலிருக்கிறது என்று நினைத்து, ரப்பரால் அழித்துவிட்டு, இன்னும் அழகாக எழுத ஆரம்பித்தேன்.