கட்டிலை விட்டு இறங்கவில்லை என்று சொன்னேன்

என் மனைவியால் இன்று வாக்கர் இல்லாமல் வாசல் வரை வர முடியாது. அதற்குக் காரணம் நான்.

பல ஆண்டுகளுக்கு முன் அவளுக்கு வைத்த செயற்கை இடுப்பு மூட்டின் கிண்ணம் ஆட்டம் கண்டுவிட்டது. சுற்றியிருந்த எலும்பும் அரித்துப் போயிருந்தது. வழக்கமான அளவுகள் எதுவும் பொருந்தாது, ஸ்கேன் எடுத்து இவர் எலும்புக்கென்றே ஒரு கிண்ணம் செய்ய வேண்டும், ஆறு வாரம் ஆகும் என்றார் திருச்சி டாக்டர். வேறொரு நோயாளிக்காகச் செய்த பிளாஸ்டிக் மாதிரியை என் கையில் கொடுத்தார். கிண்ணத்தை எலும்போடு பிடிக்கும் மூன்று தகடுகளும் எலும்பின் மேடு பள்ளத்தோடு ஒட்டி நின்றன.

"ஸ்கேன் எடுத்த அன்னைக்கு எலும்பு எப்படி இருக்கோ, ஆபரேஷன் அன்னைக்கும் அப்படியே இருக்கணும் சார். அந்தக் காலை ஊனக் கூடாது. தரையில உட்காரவே கூடாது."

கணக்கு வாத்தியாராக இருந்து ஓய்வு பெற்றவன் நான். புரியவில்லை என்று சொல்ல முடியாது.

வேப்பந்தட்டைப் பக்கம் எங்கள் காட்டில் அப்போது சின்ன வெங்காயம் நடும் சமயம். மழை பெய்துவிட்டது, ஆள் கிடைக்கவில்லை. காற்றாடப் பட்டறை போட்டுச் சேர்த்து வைத்திருந்த விதை வெங்காயத்தைக் காய்ந்த தாள் கிள்ளிப் பிரிக்க வேண்டும். ஸ்கேன் எடுத்த நாலாவது வாரம் அவளைத் தரையில் பலகை போட்டு உட்கார வைத்தேன்.

"உட்கார்ந்துதானே செய்யப்போற. நடக்கவா சொல்றேன்?"

"டாக்டரு பார்த்தாருன்னா மொதல்ல உங்களுக்குத்தான் ஆபரேஷன் பண்ணுவாரு" என்று சிரித்தாள்.

மூன்றாம் நாள் எழும்போது இடுப்பில் ஏதோ நறுக்கென்றது என்றாள். இன்னும் இரண்டு மூட்டைதான் என்றேன். அதையும் முடித்துக் கொடுத்தாள்.

ஆபரேஷனுக்கு முந்தின நாள் டாக்டர் கேட்டார், "கீழ எங்கயாச்சும் உட்கார்ந்தாங்களா சார்?"

"இல்லைங்க. கட்டிலை விட்டு எறங்கவே இல்லை."

அவள் என் முகத்தைப் பார்த்தாள்.

கிண்ணம் திட்டமிட்ட இடத்தில் உட்காரவில்லை. ஒரு தகடு எலும்பைத் தொடாமல் நின்றது, கிண்ணம் சாய்ந்திருந்தது. மூன்றாம் வாரம் படுக்கையில் திரும்பியபோது மூட்டு நழுவியது. டாக்டர் திட்டப் படத்தின் மேல் புதிய எக்ஸ்ரே படத்தை வைத்துக் காட்டினார். கிண்ணத்தைக் காட்டிய இரண்டு வட்டங்களும் விலகி இருந்தன.

"அளவுல எங்ககிட்டதான் எங்கயோ தப்பு நடந்திருக்கு. மன்னிச்சுக்குங்க சார். செஞ்சு அனுப்பின இன்ஜினீயரையும் கேட்டிருக்கேன்."

அவர் மன்னிப்புக் கேட்டார். நான் தலையாட்டினேன்.

காரில் வரும்போது பாடாலூர் தாண்டியதும் அவள் சொன்னாள்: "எனக்குப் போனது போச்சுங்க. அவங்க இல்லாத தப்பத் தேடிக்கிட்டு இருப்பாங்க. அடுத்து வர்றவளுக்குச் சரியா இருக்கிற அளவ மாத்தி வச்சுட்டாங்கன்னா? நீங்க வாத்தியாரு. தப்பு எந்த வரியில இருக்குன்னு உங்களுக்குத் தெரியும்."

அடுத்த முறை போனபோது எல்லாவற்றையும் சொன்னேன். விதை வெங்காயம், பலகை, அந்த நறுக்கென்ற சத்தம், என் பொய். டாக்டர் கோபப்படுவார் என்று காத்திருந்தேன். அவர் கோப்பைத் திறந்து எழுதிக்கொண்டார்.

"அன்னைக்கே சொல்லியிருந்தா மறுபடி ஸ்கேன் எடுத்திருப்பேன் சார். இன்னொரு ஆறு வாரம் ஆகியிருக்கும். அவ்வளவுதான்."

இன்னொரு முறை திறந்து ஆபரேஷன் செய்தால் அந்த எலும்பு தாங்காது என்பதையும் அன்றுதான் சொன்னார்.