டெக்சாஸில் திறக்காத ஆட்டம்

என் கணவர் ஆன்லைனில் போக்கர் ஆடுவார். பெரிய சூதாட்டம் என்று நினைத்துவிட வேண்டாம். நாள் முழுக்கத் தோற்றாலும் ஒரு பீட்சா காசுதான் போகும். குடிக்காத, ஊர் சுற்றாத மனுஷன் சில்லறைக்குச் சீட்டாடுகிறான், இதற்குப் போய் மூக்கைச் சிந்துவாயா என்று என்னை நானே கேலி செய்துகொண்டதுண்டு.

ஆனால் எங்கள் வீட்டில் யார் எப்போது சிரிக்கலாம் என்பதை அந்த ஆட்டம் முடிவு செய்ய ஆரம்பித்திருந்தது. ஜெயித்த சனிக்கிழமைகளில் அவரே எல்லோருக்கும் தோசை வார்ப்பார், மகளைத் தூக்கிச் சுற்றுவார். தோற்றால் பிரிட்ஜ் கதவைச் சாத்தும் சத்தத்திலேயே தெரிந்துவிடும்.

"மூணு ஏஸ் வெச்சிருந்தேன். அந்த மடையன் கையில ஒண்ணுமே இல்லாம என் பந்தயத்துக்குச் சமமா காசு வெக்கிறான். கடைசி கார்டுல அவனுக்கு அடிக்குது," என்று சாம்பார் சாதத்தைப் பிசைந்துகொண்டே இருப்பார், சாப்பிட மாட்டார்.

முகம் தெரியாத எவனுக்கோ ஒரு சீட்டு விழுந்ததற்கு என் மகள் பயந்து பயந்து சாப்பிட வேண்டும். எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

அந்தச் சமயத்தில்தான் டெக்சாஸில், ரிச்சர்ட்சனில், எனக்கு வேலை கிடைத்தது. பல வருஷமாக நான் ஏங்கிய பதவி. அவருக்கும் சந்தோஷம்தான். அவருடையது வீட்டிலிருந்தே பார்க்கும் வேலை என்பதால் எங்கே இருந்தாலும் ஒன்றுதான். அதற்குப் பக்கத்து ஊரான காப்பெலில் வீடு பார்க்க மூவரும் கிளம்பினோம்.

போய் இறங்கியதும் போனை எடுத்தார். நாங்கள் குடியிருந்த நியூ ஜெர்சியின் எல்லைக்குள் இருந்தால்தான் அந்தப் போக்கர் ஆப் ஆட விடும். இங்கே அனுமதியில்லை என்று திரையில் வந்தது.

"அட, இங்க வராதா," என்று சிரித்தார். நானும் சிரித்தேன். மனதுக்குள் சாமியைக் கும்பிட்டுக்கொண்டேன்.

மதியத்துக்குள் அவர் சிரிப்பு போய்விட்டது. முதல் வீட்டில் வெயில் அதிகம் என்றார். அடுத்ததில் கிச்சன் இருட்டு என்றார். வெயில் கொட்டிக்கொண்டிருந்த கிச்சன் அது. மூன்றாவது வீட்டில் ஏஜென்ட் தோட்டத்தைக் காட்டிக்கொண்டிருக்க, இவர் வேலியோரம் திரும்பி நின்று அதே ஆப்பைத் திறந்தார், மூடினார், திறந்தார். நான் அவர் பக்கத்தில் போய் நின்றேன்.

"ஸ்கூல் நல்லாருக்கு, கோயில் பக்கத்துலயே இருக்கு. உங்களுக்கு என்னதான் பிடிக்கல?"

"என்னமோ செட் ஆகல," என்றார். அவருக்கே தெரியவில்லையோ, தெரிந்தும் மறைத்தாரோ. எனக்குத் தெரிந்துவிட்டது.

திரும்பி நியூ ஜெர்சியில், நியூவார்க்கில் விமானம் இறங்கி, கதவு திறக்கக் காத்திருந்தோம். போனைப் பார்த்தவரின் முகம் தெளிந்துவிட்டது. அந்தப் பயணத்திலேயே முதல் முறையாக என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"யோசிச்சுப் பார்த்தேன். நீ இந்த ஆஃபரை விட்டுடாத. நீயும் பாப்பாவும் முதல்ல போயிடுங்க. நான் பின்னாடி வரேன்."

அத்தனை அன்பாக அவர் பேசிக் கேட்டு நாளாகியிருந்தது.

"எப்ப வருவீங்க?"

பதில் சொல்ல வாயெடுத்தார். ஆட்டத்தில் அவர் முறை வந்திருந்தது. என் கையை விட்டுவிட்டார்.